மேல் முடிச்சு

பாதி வண்டிதான் திரும்பி வந்தது.

பின் சக்கரமும் சீட்டும் பின்சட்டமும் சரக்கு ரயிலோடு போய்விட்டன. மிச்சம் பள்ளத்தில் கிடந்தது: முன் சக்கரம், ஹேண்டில்பார், டேங்க், எஞ்சின். விசாரணை முடிந்ததும் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஓட்டிய அண்ணன், பெரியவன், அதற்கு முன்பே மண்ணுக்குள் போயிருந்தான்.

தம்பி, சின்னவன், அதை உள்ளே இழுத்தான். பின்பக்கம் இல்லாத வண்டி நிற்க மறுத்தது. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தான். ஹேண்டில்பார் குடிகாரன் தலை மாதிரி ஒரு பக்கமாகத் துவண்டு துவண்டு விழுந்தது. அதை நேராக நிமிர்த்தி, உத்தரத்தில் கயிறு போட்டு இழுத்துக் கட்டினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

டேங்கின் மேல் சிவப்பு ரெக்சின் உறை அப்படியே இருந்தது. அண்ணி தைத்தது. ஓரமெல்லாம் வெள்ளை நூலில் இரட்டைத் தையல். ஒரு கீறல் இல்லை. மனிதனை வாரிக்கொண்டு போன ரயில் உறையை விட்டுவைத்திருந்தது.

அந்தப் பட்டறையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். பெரியவனுக்குத் தெருவில் பெட்ரோல் என்று பெயர். சின்னவனுக்கு ஒயர் என்று பெயர். எந்த வண்டி நின்றாலும் பெரியவன் பெட்ரோல் இறங்குகிற கார்புரேட்டரைக் கழற்றுவான். சின்னவன் ஒயரில் கோளாறு தேடுகிற டெஸ்ட் லேம்பைத் தூக்கிக்கொண்டு வருவான். வண்டிக்காரன் நடுவில் நின்று விழிப்பான்.

"உனக்கு எதைப் பார்த்தாலும் ஒயருதான். நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தா கூட எர்த் அடிக்குதுன்னு சொல்லுவ" என்பான் பெரியவன்.

"நீ மட்டும்? பசிச்சா கூட கார்புரேட்டர் ஜெட்டுல அடைப்புன்னு வாயை ஊதிக்குவ."

பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டுபவர் இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டேதான் டியூபைத் தண்ணீரில் அமுக்குவார். "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். காத்து இல்லாம எவன் வண்டி ஓடுது, சொல்லுங்க பார்ப்போம்" என்று தன் பங்குக்கு ஒன்றைப் போடுவார்.

சின்னவனிடம் ஒரு பாடம் இருந்தது. வருகிற போகிற எல்லோருக்கும் அதை ஒப்பிப்பான்.

"வழியில வண்டி நின்னா உடனே கீழ இறங்கி உதைச்சிக்கிட்டு இருக்காதீங்க. உக்காந்தபடியே டேங்குக்கு அடியில கையை விடுங்க. ஒயரெல்லாம் அங்கதான் ஓடுது, பாதி வியாதியும் அங்கதான் இருக்கு."

பெரியவன் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

*

வண்டிப் பரிசோதகர் ஒருவர் ஏற்கனவே பார்த்திருந்தார். பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் சாய்த்து வைத்து, கிக்கரை ஒரு உதை உதைத்தார். நீலமாகப் பொறி சொடுக்கியது. இன்னொரு உதை. இன்னொரு பொறி. "இதுல ஒரு கோளாறும் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

வண்டியில் கோளாறு இல்லையென்றால் வண்டி தண்டவாளத்தில் தானாக நிற்காது. தானாக நிற்கவில்லையென்றால் நிறுத்தியிருக்க வேண்டும். அங்கே தண்டவாளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கேங்மேனும் அதைத்தான் சொன்னார். வண்டி நடுவில் நின்றது. ஆள் இறங்கவில்லை. தலையைக் குனிந்து கும்பிட்டார். கையைத் தூக்கி விடைபெற்றார். அவ்வளவுதான்.

வேண்டுமென்றே உயிரை விட்டான் என்று முடிவுகட்ட இது தெருவுக்குப் போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கும் போதுமானதாக இருந்தது.

பெரியவன் செத்த அன்று காலை அவனும் அண்ணியும் சண்டை போட்டிருந்தார்கள். பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. ஓய்வு நாளிலும் அந்தப் பழைய வண்டியோடு கிடக்கிறான் என்பதுதான் விஷயம். அண்ணனும் தம்பியும் பிறப்பதற்கு முன் செய்த வண்டி அது. காயலான் கடையிலிருந்து துருவாக எடுத்து வந்து, வருஷக்கணக்கில் கையால் உயிர் கொடுத்திருந்தான். "அதையே கட்டிக்கிட்டு அழுங்க. வீட்டுப் பக்கம் திரும்பி வராதீங்க" என்று அண்ணி கத்தினாள். அம்மா உள்ளே இருந்து கேட்டாள். பெரியவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை.

அம்மா அதற்குப் பிறகு மருமகளோடு பேசவில்லை. பின்னறையில் தனியாக ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்துக்கொண்டாள். தனக்குத் தானே கொஞ்சம் கொதிக்க வைத்துக் குடித்தாள். மருமகள் கொண்டுவந்து வைத்த தட்டு ஆறி, ஏடு படிந்து, அப்படியே திரும்பிப் போனது.

வண்டி வந்த அன்று மாலை அண்ணி பட்டறைக்குள் வந்தாள். பட்டறையின் மறுபாதியில்தான் அவளுடைய தையல் இயந்திரம் இருந்தது. வண்டிகளுக்கு சீட் உறை தைப்பது அவள் வேலை. கணவன் போனதிலிருந்து அந்தப் பக்கம் வரவில்லை. இயந்திரத்தின் மேல் தூசி.

அவள் வண்டியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க பாருங்க."

"பரிசோதகர் பார்த்துட்டாரே அண்ணி."

"அவருக்கு என்ன தெரியும்? நீங்க பார்த்துச் சொல்லுங்க. வண்டி நின்னுச்சா, அவரு நிறுத்தினாரா? ரெண்டுல ஒண்ணு."

"கோளாறு இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. மழுப்பக் கூடாது."

"சரி."

"எனக்காகப் பொய் சொல்லிடுவீங்க. உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. நீங்க பாருங்க, பார்த்ததை எனக்குக் காட்டுங்க. காட்டினாதான் நம்புவேன்."

அவன் தலையாட்டினான். அவள் போனாள். போகிற போக்கில் இயந்திரத்தின் மேலிருந்த தூசியை விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

*

இந்தக் காலத்து வண்டி போலில்லை அது. பொறிக்கு பேட்டரி வேண்டாம். எஞ்சின் சுற்றினால் பக்கவாட்டில் இருக்கும் மேக்னெட்டோவும் கூடச் சுற்றும். அதுவே மின்சாரத்தை உண்டாக்கிப் பிளக்குக்கு அனுப்பும். வண்டியை நிறுத்த ஹேண்டில்பாரில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மேக்னெட்டோவின் மின்சாரம் ஒரு ஒற்றை ஒயர் வழியாக வண்டியின் இரும்பில் இறங்கிவிடும்; எர்த் என்பது இதுதான். பொறி சாகும். எஞ்சின் நிற்கும். எளிமையான சங்கதி. எளிமையான சங்கதியில்தான் கோளாறு ஒளிந்துகொள்ளும் என்று சின்னவனுக்குத் தெரியும்.

வரிசையாக ஆரம்பித்தான். பிளக்கை மாற்றினான். பிளக் ஒயரை மடக்கி, முறுக்கி, ஈரத்துணியால் சுற்றிப் பார்த்தான். மேக்னெட்டோவின் மூடியைத் திறந்து, பொறியைத் தட்டிவிடுகிற பாயின்டைப் பார்த்தான். பெரியவன்தான் கடைசியாகத் தேய்த்திருக்கிறான். சுத்தமாக இருந்தது. இடைவெளி சரியாக இருந்தது. கார்பன் பிரஷ் முழுசாக இருந்தது. வளையத்தில் விரிசல் இல்லை.

பொறிக்கு வலு சேர்க்கிற சின்ன டப்பாவான கண்டென்சர் மேல் அவனுக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்பதைவிட ஆசை. பழைய கண்டென்சர் குளிர்ச்சியில் யோக்கியன் மாதிரி இருக்கும். சூடு ஏறினால் காலை வாரிவிடும். பரிசோதகர் ஆறிக் கிடந்த வண்டியைத்தானே பார்த்தார்? டேங்குக்குப் பதில் ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி மேலே தொங்கவிட்டான். கிக்கரை உதைத்தான். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.

பாதி வண்டி உயிரோடு உறுமியது. புகை பட்டறையை நிறைத்தது. வெளியே போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். பஞ்சர்காரர் டியூபைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார்.

"டேய் ஒயரு, செத்தவன் வந்துட்டான்னு நினைச்சேண்டா. ஒரு வார்த்தை சொல்லிட்டு ஸ்டார்ட் பண்ணக் கூடாதா?"

 சின்னவன் எஞ்சினைக் கொதிக்கும்வரை ஓடவிட்டான். மேக்னெட்டோவைக் கைவைத்தால் பொசுங்குகிற அளவுக்குச் சூடேற்றினான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தான். நின்றுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினான். ஒரு தடவை இருமு, போதும்.

அது நிற்கவில்லை. பாட்டில் காலியாகும்வரை கடிகாரம் மாதிரி ஓடியது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. நிறுத்தும் ஒயரில் டெஸ்ட் லேம்பை வைத்தான். எரியவில்லை. அப்படியென்றால் எங்கும் இரும்பில் உரசவில்லை. அந்த ஒயர் டேங்கின் அடியில் ஓடுகிறது. உறையைப் பிரித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அவன் பிரிக்கவில்லை. லேம்ப் சொன்னால் சொன்னதுதான் என்பது அவன் கட்சி. அதோடு, உறையை டேங்கோடு சேர்த்து அண்ணி கட்டிய நாடாவில் கைவைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"விடுடா" என்றார் பஞ்சர்காரர். இந்த முறை கிண்டல் இல்லை. "நல்ல வண்டிய எத்தனை தடவை நல்ல வண்டின்னு கண்டுபிடிப்ப? மனுஷன் மனசுக்குள்ள என்ன கோளாறோ. அதுக்கு லேம்பு வச்சுப் பார்க்க முடியுமா?"

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"எவனும் அப்படிப்பட்டவன் இல்லதான். போனப்புறம்தான் தெரியுது."

அண்ணி தினமும் வாசல்வரை வந்தாள். எஞ்சின் சத்தம் கேட்கும். நிற்காத சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போவாள். அந்தச் சத்தம் அவளுக்கு என்ன சொல்கிறது என்று சின்னவனுக்குத் தெரிந்தது. ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அவள் தலையில் ஒரு ஆணி.

கடைசியில் பாட்டிலை இறக்கி வைத்துவிட்டு, தண்டவாளத்துக்குப் போனான்.

*

அங்கே கேட் கிடையாது. சிமென்ட் ஆலைக்குப் போகிற ஒற்றைத் தடம். எப்போதாவது ஒரு சரக்கு வண்டி வரும். சாலை தண்டவாளத்தை நேராக வெட்டாமல் சாய்வாகக் கடந்தது. வளைவுக்கு அந்தப்புறம் கருவேலம் புதர் மண்டி, வருகிற எஞ்சினை மறைத்தது.

கேங்மேன் ஜல்லியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சின்னவனைப் பார்த்ததும் பீடியை அணைத்தார்.

"தம்பியா? அவரு ஜாடை இருக்கு."

"அண்ணே, அன்னிக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எத்தனை பேருக்குப்பா சொல்றது? சொல்லிச் சொல்லி எனக்கே சோறு இறங்கல."

"சொல்ல வேண்டாம். செஞ்சு காட்டுங்க. அவன் எப்படி உக்காந்திருந்தான், கை எங்க இருந்துச்சு, அதை மட்டும்."

கேங்மேன் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் தண்டவாளத்துக்கு நடுவில் காலை அகட்டி நின்றார். இல்லாத வண்டியில் உட்கார்ந்தார். வலது கையை நீட்டிப் பிடியைப் பிடித்தார். இடுப்பை மடக்கி, தலையைக் குனிந்து, இடது கையை வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்தார்.

"இப்படித்தான். கும்பிடுற மாதிரி."

"ஒரு கையாலயா கும்பிட்டான்?"

"அவருக்கு என்ன வழக்கமோ. நான் கத்தினேன். அந்தப் பக்கம் ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான். இவரு தலையத் தூக்கல. அந்தக் கையை மட்டும் எடுத்து இப்படிக் காட்டினாரு. போயிட்டு வர்றேங்கிற மாதிரி. அப்புறம் மறுபடியும் குனிஞ்சுட்டாரு."

கேங்மேன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல்கள் மேல்நோக்கி. ஒரே ஒரு அசைவு.

சின்னவன் தன் கையையும் அப்படியே விரித்துப் பார்த்தான். அந்தக் கையை அவனுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கப் பார்த்த கை. வண்டிக்காரன் வந்து ஆச்சா ஆச்சா என்று நச்சரிக்கும்போது, வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பெரியவன் காட்டுகிற கை. இரு, இரு, முடிஞ்சிடுச்சு.

ரயிலுக்கு அதைக் காட்டியிருக்கிறான்.

"வண்டி எப்படி நின்னுச்சு? நேரா நின்னுச்சா?"

"நேரா எங்க? எல்லாரும் கடக்குற மாதிரி திருப்பித்தான் நின்னுச்சு. அதோ பாரு."

ஒரு பால்காரர் வந்துகொண்டிருந்தார். தண்டவாளத்தை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரை இடப்பக்கம் நன்றாக ஒடித்தார். சாய்வாகப் போனால் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் சிக்கி வழுக்கும். அதனால் எல்லோரும் அந்த இடத்தில் அப்படி ஒடித்துத்தான் ஏறுவார்கள். பால்காரர் ஏறி, இறங்கி, நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

சின்னவன் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். பட்டறையில் தான் கட்டிய கயிறு ஞாபகம் வந்தது. ஹேண்டில்பாரை நேராக நிமிர்த்தி, உத்தரத்தில் இழுத்துக் கட்டிய கயிறு. இத்தனை நாளும் நேராக நிற்கிற வண்டியைத்தான் சோதித்துக்கொண்டிருந்தான்.

*

அண்ணியைக் கூப்பிட்டான். காட்டுகிறேன் என்று தலையாட்டியிருந்தான் அல்லவா? அவள் வந்து வாசலிலேயே நின்றாள்.

பாட்டிலைத் தொங்கவிட்டு எஞ்சினை உதைத்தான். பிடித்துக்கொண்டது. கயிற்றை அவிழ்த்தான். ஹேண்டில்பாரைக் கையில் பிடித்து வலப்பக்கம் திருப்பினான். எஞ்சின் ஓடியது. நேராக்கினான். ஓடியது. இடப்பக்கம் மெல்ல ஒடித்தான். முக்கால் ஒடிப்பில் ஒரு இருமல். முழு ஒடிப்பில், யாரோ கழுத்தைத் திருகியது போல, நின்றது.

 தெருவில் பஞ்சர்காரரின் பம்ப் சத்தம் கூட நின்றுவிட்டது.

ஒடித்தபடியே கிக்கரை உதைத்தான். உயிர் இல்லை. மறுபடி உதைத்தான். இல்லை. நேராக்கிவிட்டு உதைத்தான். உடனே பிடித்துக்கொண்டது.

"நான் பண்றேன்" என்றாள் அண்ணி.

அவள் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். திருப்பினாள். நின்றது. அவன் உதைத்தான், அவள் திருப்பினாள், நின்றது. இன்னொரு தடவை என்றாள். நின்றது. முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது.

"தானாத்தான் நின்னிருக்கு."

"ஆமா அண்ணி. தானாத்தான்."

"அவரு நிறுத்தல."

"இல்ல."

அவள் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "எதனால?"

அதை அவன் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமலே தெரிந்துவிட்டது. திரும்பும்போது மட்டும் சாகிற வண்டியில் ஹேண்டில்பாருக்குப் போகிற ஒயர் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். டேங்கின் முன்புறம், ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்துக்குப் பக்கத்தில். அங்கே உறையின் நாடா இருக்கிறது.

"கண்டென்சர் அண்ணி" என்றான். "பழசு. சூடானா இப்படித்தான்."

"திருப்பினாதான் சூடாகுமா?"

 பொய் சொல்லத் தெரியாத குடும்பம் அது.

அவள் குனிந்தாள். உறையின் முன் ஓரத்தைத் தூக்கினாள். துணி சுற்றிய பழைய கறுப்பு ஒயர் அங்கே இருந்தது. தொங்கிக்கொண்டிருக்க வேண்டிய ஒயர். இப்போது வெள்ளை நாடாவோடு சேர்த்து, வண்டிக் கழுத்தின் இரும்புப் பட்டை விளிம்பில் அழுத்திக் கட்டப்பட்டிருந்தது. விளிம்பு கத்தி மாதிரி. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அறுத்து அறுத்து, துணி போய், உள்ளே செம்பு தெரிந்தது. செம்பு மினுங்கவில்லை. கறுத்திருந்தது. ரயில் செய்த காயம் அல்ல. அதற்கு முன்பே பல நாளாக உரசியிருக்கிறது.

"தொங்கிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "அசிங்கமா இருந்துச்சு. உறையப் போட்டும் ஒயரு வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும்னு சேர்த்துக் கட்டினேன்."

அவன் அந்தக் கறுத்த செம்பை விரலால் தொட்டுப் பார்த்தான். 

"திரும்புறப்ப இருமுதுன்னு அவரு சொன்னாரு. கார்புரேட்டரக் கழட்டிக் கழட்டி ஊதிக்கிட்டு இருந்தாரு. அதுக்குத்தான் அன்னிக்குச் சண்டை."

அவள் விரல் நாடாவின் மேல் போனது. சட்டென்று நின்றது. முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"தம்பி, இங்க விளக்கப் பிடிங்க."

பிடித்தான்.

"நான் இரட்டை முடிச்சுதான் போடுவேன். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. வாலை உள்ள சொருகிடுவேன். குதிரை இழுத்தாலும் வராது. இதுல மேல் முடிச்சு இல்ல."

"ரயில் அடிச்சதுல…"

"அடிச்சா அறுந்திருக்கும். இது அறுந்துபோகல. அவுத்திருக்கு."

நாடாவில் முடிச்சு இருந்த இடம் சுருங்கி நெளிந்திருந்தது. அந்த நெளிவின் மேல் கறுப்பாக ஒரு கட்டைவிரல் கிரீஸ் தடம். வெள்ளை நாடாவில் வேறெங்கும் கறை இல்லை. கீழ் முடிச்சு மட்டும் இறுக்கமாக நின்றது.

இருவரும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

"கண்டுபிடிச்சுட்டாரு" என்றாள் அண்ணி. குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "அவுத்துக்கிட்டு இருந்திருக்காரு. மேல் முடிச்சு அவுக்கத்தான் நேரமாகும். கீழ உள்ளது ஒரு இழுப்பு. ஒரே இழுப்புல வந்துடும்."

சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். 

அவனுக்கு வேறொன்று தெரிந்துவிட்டது. பெரியவன் பெட்ரோல் கட்சி. வண்டி நின்றால் அவன் கை கார்புரேட்டருக்குத்தான் போகும். கார்புரேட்டர் தாழ இருக்கிறது. அதைத் தொட வண்டியை விட்டு இறங்கி மண்டி போட வேண்டும். இறங்கியிருந்தால் ஹாரன் கேட்டதும் இரண்டடி தள்ளிப் போயிருப்பான். அவன் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே டேங்குக்கு அடியில் கையை விட்டிருக்கிறான். காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தவன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தம்பி பேச்சைக் கேட்டிருக்கிறான்.

"இறங்காம கையை விடுங்கன்னு நீங்கதான சொல்லுவீங்க" என்றாள் அண்ணி. குத்திக்காட்டவில்லை. அவளும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா."

அவள் அந்தக் கீழ் முடிச்சைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்:

"இது பரவாயில்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இது பரவாயில்ல தம்பி. நான் கொன்னதா இருந்துட்டுப் போகட்டும். அவரு என்னை விட்டுட்டுப் போகல. வீட்டுக்கு வரத்தான் அவுத்துக்கிட்டு இருந்திருக்காரு."

*

"அம்மாகிட்ட பழைய ஒயர்னு மட்டும் சொல்லுவோம்" என்றான் சின்னவன். பின்னறைக்குப் போகும் நடையில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "பழசு, இத்துப்போச்சு, நின்னுடுச்சு. அதுவும் பொய் இல்ல."

அண்ணி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அம்மா ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்து எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து வாசலில் நிற்பதைப் பார்த்தும் கரண்டியை நிறுத்தவில்லை.

"அம்மா, அண்ணன் வண்டிய நிறுத்தல. அதுவா நின்னிருக்கு. ஹேண்டில ஒடிச்சா எர்த் அடிக்குது."

"உன் பாஷையெல்லாம் எனக்கு வேண்டாம். அவனா போகலையா? அத மட்டும் சொல்லு."

"போகலம்மா."

கரண்டி நின்றது. அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. இத்தனை நாளாக எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த தோள்.

"அப்ப ஏன் நின்னுச்சு?"

சின்னவன் வாயைத் திறந்தான். அண்ணி முந்திக்கொண்டாள்.

"நான் கட்டின நாடா அத்தை. ஒயர சேர்த்துக் கட்டிட்டேன். அதுல ஒயரு தேஞ்சிருக்கு."

அம்மா திரும்பினாள். மருமகளை நேராகப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவளோடு பேசினாள்.

"வாயால சொன்னது பத்தலைன்னு கையாலயும் செஞ்சியா?"

அண்ணி அசையவில்லை. அந்த அடியை வாங்கத்தான் வந்தவள் போல நின்றாள்.

"அம்மா" என்றான் சின்னவன். "இறங்காம உக்காந்தபடியே கையை விட்டுப் பாருன்னு ஊருக்கெல்லாம் சொன்னது நான். அண்ணனும் அதைத்தான் செஞ்சிருக்கான். இறங்கியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான். திட்டறதா இருந்தா என்னையும் சேர்த்துத் திட்டு."

அம்மா அவனைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். ஒருவர் மாற்றி ஒருவராக, கடையில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவள் போல.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நின்னா நான் யாரைடா திட்டுவேன்?"

 அம்மா ஸ்டவ்வின் பக்கம் திரும்பிக்கொண்டாள். உப்பை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். கிண்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, போட்டது மறந்து, மறுபடியும் உப்பை அள்ளிப் போட்டாள்.

"போங்க" என்றாள். "போய் வேலையப் பாருங்க."

தனி ஸ்டவ் தனி ஸ்டவ்வாகவே எரிந்துகொண்டிருந்தது.

*

பட்டறையில் பாதி வண்டி கயிறு இல்லாமல் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. பஞ்சர்காரர் வாசலில் வந்து நின்றார். எல்லாவற்றையும் சுவர் வழியாகக் கேட்டிருப்பார் போல. வழக்கமாக ஏதாவது சொல்பவர் இன்று தன் ஸ்டூலை உள்ளே நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அண்ணி அதில் உட்கார்ந்தாள்.

"இதை என்ன பண்றது?" என்றாள்.

"பிரிச்சிடலாம்."

"யாராவது கேட்டா கொடுப்பீங்களா?"

"துண்டு துண்டா வேணா கொடுக்கலாம். வண்டியா யாருக்கும் வேண்டாம்."

அவள் மடியிலிருந்து கத்தரியை எடுத்தாள். கீழ் முடிச்சை ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் இழுக்கவில்லை. முடிச்சு கலையாமல், அந்தக் கிரீஸ் கறையும் கலையாமல், இரண்டு பக்கமும் நாடாவை வெட்டி எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டாள். ஒயர் தளர்ந்து, இருக்க வேண்டிய இடத்தில் தொங்கியது. அசிங்கமாகத்தான் இருந்தது.

சின்னவன் கருவிப் பெட்டியைத் திறந்தான். அவன் கை பழக்கத்தில் டெஸ்ட் லேம்பைத் தொட்டது. தொட்டதும் நின்றது.

"எதுலேருந்து ஆரம்பிக்கிறீங்க?" என்றாள் அண்ணி.

அவன் லேம்பை ஓரமாக வைத்துவிட்டு, அண்ணனுடைய ஸ்பானரை எடுத்தான். மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"கார்புரேட்டர்லேருந்து."